ஒரே ரொபோ, வேறு வேறு பெட்டி: பழைய மொடல் கிட்டுகள் நாட்டுக்கு நாடு மாறியது எப்படி?

காத்தான்குடியில் ஒரு வீட்டுப் பரணை ஒதுக்கும்போது பழைய அட்டைப் பெட்டி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியில் வெள்ளையும் நீலமும் சிவப்புமாக ஒரு ரொபோ. உள்ளே இன்னும் பொருத்தாத பிளாஸ்டிக் துண்டுகள். எண்பதுகளில் சவூதியில் வேலை செய்த வாப்பா சூட்கேஸில் கொண்டுவந்தது. அந்தப் படத்தைக் கைபேசியில் தேடினால் தலை சுற்றும். அதே ரொபோ ஒரு இடத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடக்கிறது. இன்னொரு இடத்தில் ஒரு மாதச் சம்பளம் கேட்கிறார்கள். பெட்டியில் எழுத்து ஒன்றில் ஜப்பானியம், ஒன்றில் ஆங்கிலம். பெயர் கூட ஒன்றில்லை.

இப்படிப் பெட்டி வைத்திருக்கும் பலர் முதலில் கேட்பது, இது அசலா போலியா என்பதுதான். அதற்கு நேரே ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. அசலுக்கும் போலிக்கும் நடுவில் பல படிகள் உண்டு. அவை ஏன் உண்டாயின என்று புரிந்தால் விலையும் தானாகப் புரியும். அடிப்படையில் இருந்து தொடங்குவோம்.

கிட் என்பது எதனால் ஆனது?

ஜப்பானியத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்களில் வந்த ரொபோக்களைத் துண்டு துண்டாகப் பொருத்திச் செய்யும் இந்தப் பழைய கிட்டுகளில் பெரும்பாலானவை பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. உருக்கிய பிளாஸ்டிக்கை உருக்கு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி, ஆறியதும் வெளியே எடுப்பார்கள். கை, கால், தலை எல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டியபடி வரும். சட்டத்தை ரன்னர் என்பார்கள். வாங்கியவர் துண்டுகளை வெட்டி எடுத்து, கம் பூசி ஒட்டி, பெயின்ட் அடிக்கவேண்டும்.

இந்த வேலையில் விலை கூடியது அச்சு. பிளாஸ்டிக் மலிவு, பெட்டி வெறும் அட்டை. ஆனால் உருக்கைக் கடைந்து செய்யும் அச்சுக்குப் பெரும் பணம் போகும். அப்படிச் செய்த அச்சு பல ஆண்டுகள் வேலை செய்யும். கொம்பனி மூடப்பட்டாலும் அச்சு சாகாது, கைமாறும், கடல் கடக்கும். இந்தத் துறையின் குழப்பங்களில் முக்கால்வாசிக்குக் காரணம் இதுதான்.

அதனால் ஒரு கிட்டைப் பார்க்கும்போது நான்கு விடயங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்:

1. அச்சு: துண்டுகளின் வடிவத்தைத் தீர்மானித்த உருக்கு. இதற்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு.
2. வார்ப்பு: அந்த அச்சில் இந்தக் குறிப்பிட்ட பெட்டிக்கான பிளாஸ்டிக் எப்போது ஊற்றப்பட்டது. அச்சு பிறந்து முப்பது ஆண்டுகள் கழித்தும் ஊற்றலாம்.
3. பெட்டி: எந்த நாட்டுக் கடைக்காக, எந்த மொழியில், எந்தப் பெயரில் அச்சிட்டார்கள்.
4. உரிமை: ரொபோவின் உருவத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கினார்களா.

அளவுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெட்டியில் 1/144 என்று இருந்தால் கதையில் வரும் ரொபோவின் உயரத்தை 144ஆல் வகுத்தது என்று பொருள். கன்டாம் என்ற ரொபோ கதைப்படி 18 மீற்றர் உயரம். 1/144இல் அது 12.5 சென்ரிமீற்றர், 1/100இல் 18, 1/60இல் 30. பெட்டியில் உள்ள எண்ணும் பொருத்திய ரொபோவின் உயரமும் ஒத்துவராவிட்டால் அங்கேயே ஒரு சந்தேகம் எழவேண்டும்.

300 யென்னில் தொடங்கிய கதை

"மொபைல் சூட் கன்டாம்" தொடர் ஜப்பானில் 1979 ஏப்ரல் 7 முதல் 1980 ஜனவரி 26 வரை ஒளிபரப்பானது. இயக்கியவர் யொஷியுகி டொமினோ, ரொபோக்களை வரைந்தவர் குனியோ ஒகவாரா. பார்வையாளர்கள் போதவில்லை. 52 அத்தியாயங்களுக்குத் திட்டமிட்ட தொடரை 43உடன் முடித்தார்கள். தொடருக்குப் பணம் போட்ட குளோவர் என்ற கொம்பனி விற்றது சிறு பிள்ளைகளுக்கான பொம்மைகளை.

தொடர் முடிந்த பிறகு, 1980 ஜூலையில், பண்டாய் கொம்பனி 1/144 கன்டாம் பிளாஸ்டிக் கிட்டை 300 யென்னுக்கு வெளியிட்டது. ஒரே நிறப் பிளாஸ்டிக், மூட்டுகள் குறைவு, பெயின்ட் நாமே அடிக்கவேண்டும். அடுத்த ஆண்டே தொடரைச் சுருக்கித் திரைப்படங்களாக்கினார்கள். அதன் பிறகு கிட்டுகளுக்குக் கடைகளில் அடிபிடி. 1982இல் சிபா மாகாணத்துக் கடை ஒன்றில் பிள்ளைகள் முண்டியடித்து எஸ்கலேட்டரில் விழுந்து காயப்பட்டார்கள். கன்டாம், பிளாஸ்டிக் இரண்டும் சேர்ந்து "கன்பிளா" என்ற சொல்லும் பிறந்தது.

இதில் ஒரு பழைய கிளைக்கதை உண்டு. பண்டாய் மொடல் துறையில் காலூன்றியதே இன்னொருவரின் அச்சுகளால். இமாய் என்ற கொம்பனி 1969இல் நொடித்தபோது, ஷிசுவோகா மாகாணத்தின் ஷிமிசு நகரில் இருந்த அதன் தொழிற்சாலையையும் அச்சுகளையும் பண்டாய் வாங்கியது. இமாய் பின்னர் எழுந்து நின்று, கீழே வரப்போகும் மக்ரொஸ் கிட்டுகளைச் செய்தது.

இப்போது விலைக் குழப்பத்தின் முதல் முடிச்சு. 1980ஆம் ஆண்டின் அந்த 1/144 கன்டாம் அச்சு ஓய்வு பெறவே இல்லை. அதே அச்சில், ஏறக்குறைய அதே பெட்டிப் படத்துடன், பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வார்த்திருக்கிறார்கள். துண்டுகளின் சட்டத்தில் 1980 என்று பொறித்திருந்தால் அது அச்சின் வயது. உங்கள் கையில் உள்ள பிளாஸ்டிக் 2010களில் ஊற்றியதாக இருக்கலாம். "1980 ஒரிஜினல்" என்று பெரிய விலைக்கு விற்கப்படும் பல பெட்டிகளில் நடந்திருப்பது இந்த மயக்கம்தான். விற்பவர் பொய் சொல்லவேண்டும் என்று கூட இல்லை, அவரும் அந்த எண்ணை நம்பியிருப்பார்.

இன்னொரு மயக்கமும் இருக்கிறது. கன்பிளாவின் நாற்பது ஆண்டு நிறைவையொட்டிப் பண்டாய் பழைய கிட்டின் தோற்றத்திலேயே புது அச்சில் ஒரு 1/144 கன்டாமை வெளியிட்டது. அதற்குக் கம்மும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். வெவ்வேறு நிறத்தில் துண்டுகள் வந்தால் அது 1980ஆம் ஆண்டின் அந்த 1/144 கன்டாம் ஆகாது.

மக்ரொஸ் கடல் கடந்தபோது

நாட்டுக்கு நாடு பெட்டி மாறியதற்கு மக்ரொஸைப் போலத் தெளிவான உதாரணம் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டிய கதை.

"சுப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ் மக்ரொஸ்" 1982 ஒக்டோபரில் இருந்து 1983 ஜூன் வரை ஜப்பானில் ஓடியது. போர் விமானமாகவும் ரொபோவாகவும் மாறும் வல்கைரி அதன் நாயகன். பிளாஸ்டிக் கிட்டுகளை இமாய், அரீ என்ற இரண்டு கொம்பனிகள் பங்கிட்டுச் செய்தன. மடக்கி விரிக்கும் பெரிய பொம்மையைச் செய்தது தகாதொகு.

அமெரிக்காவின் ரெவெல் கொம்பனி ஜப்பானியக் கிட்டுகளை வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்க முடிவெடுத்தது. மக்ரொஸில் சில, "டக்ராம்" தொடருக்காகத் தகாரா செய்த கிட்டுகளில் சில, "ஓர்கஸ்" தொடரில் சில. இந்த மூன்று தொடர்களுக்கும் கதையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரெவெல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, புதுப் பெயர்கள் சூட்டி, 1984இல் "ரொபோடெக் டிஃபெண்டர்ஸ்" என்று விற்றது. ஆக, ஜப்பானில் மூன்று உலகங்களில் வாழ்ந்த ரொபோக்கள் அமெரிக்கப் பெட்டியில் ஒரே படையாகின.

அதே காலத்தில் ஹார்மனி கோல்ட் என்ற நிறுவனம் மக்ரொஸை அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர முயன்றது. அங்கே வாரநாட்களில் தினமும் ஒளிபரப்ப 65 அத்தியாயங்களாவது வேண்டும். மக்ரொஸில் இருந்ததோ 36. அதனால் "சதர்ன் குரொஸ்", "மொஸ்பியாடா" என்ற வேறு இரண்டு தொடர்களையும் சேர்த்துத் தைத்து 85 அத்தியாயங்களாக்கினார்கள். கிட் உரிமை ஏற்கனவே ரெவெலிடம் இருந்ததால் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்து, ரெவெலின் பெயரையே தொடருக்கும் வைத்தார்கள். 1985இல் "ரொபோடெக்" தொடர் வந்தது இப்படித்தான். ஒரு தொலைக்காட்சித் தொடர் தன் பெயரைக் கிட் பெட்டியில் இருந்து எடுத்துக்கொண்டது! வல்கைரி அங்கே "வெரிடெக்" ஆனது. ஹிகாரு இச்சிஜோ என்ற விமானி ரிக் ஹன்டர் ஆனார்.

பொம்மையின் பயணம் இன்னும் விசித்திரம். தகாதொகு 1984இல் நொடித்தது. வல்கைரி அச்சு பண்டாயின் கைக்குப் போனது. 1985இல் ஹஸ்ப்ரோ அதே வடிவத்தை "ஜெட்ஃபயர்" என்ற பெயரில் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் வரிசையில் விற்றது. ஒரே பிளாஸ்டிக் உடம்பு, மூன்று கதைகள்.

இந்த உரிமைச் சிக்கலின் விளைவை அண்மைக்காலம் வரை உலகம் அனுபவித்தது. மக்ரொஸின் ஜப்பானிய உரிமையாளர்களில் ஒன்றான பிக்வெஸ்ட் நிறுவனத்துக்கும் ஹார்மனி கோல்டுக்கும் இடையிலான தகராறால், மக்ரொஸ் தொடர்களும் கிட்டுகளும் ஜப்பானுக்கு வெளியே பல ஆண்டுகள் முறையாக விற்பனைக்கு வரவில்லை. 2021 ஏப்ரலில்தான் இருவரும் உடன்பாட்டை அறிவித்தார்கள். பழைய மக்ரொஸ் கிட்டுகளுக்கு வெளிநாடுகளில் விலை ஏறிக் கிடந்ததற்கு அரிது என்பது மட்டும் காரணமில்லை, கடைக்கு வரும் வழி அடைபட்டிருந்ததும் காரணம். இனி அந்த விலைகள் அப்படியே நிற்கும் என்று நம்பி யாரும் பணம் போடவேண்டாம் என்பது என் கருத்து.

ஐரோப்பாவிலும் பெயர் மாற்றம் இப்படித்தான். 1975இல் ஜப்பானில் வந்த கிரெண்டைசர் என்ற ரொபோத் தொடர், 1978இல் பிரான்ஸில் கோல்டொராக் ஆகவும் இத்தாலியில் கோல்ட்ரேக் ஆகவும் ஓடியது. லெபனானில் அரபுக் குரல் கொடுத்ததால் அரபு நாடுகளில் கிரெண்டைசர் என்ற பெயரே நிலைத்தது. வளைகுடாவில் இருந்து வந்த பொருட்களில் இந்தக் கொம்பு வைத்த ரொபோ அடிக்கடி தலைகாட்டுவது அதனால்தான்.

அசலில் இருந்து போலி வரை ஐந்து படிகள்

இதுவரை சொன்னதை வைத்து, கையில் உள்ள கிட்டை இப்படி வகைப்படுத்தலாம்.

1. முதல் வார்ப்பு. அச்சு பிறந்த காலத்திலேயே, அதே நாட்டுக் கடைக்காக ஊற்றியது. சேகரிப்பவர்கள் தேடுவது இதை.

2. மறுவார்ப்பு. அதே கொம்பனி, அதே அச்சு, பிந்திய ஆண்டு. பொருத்தி மகிழ இதைவிட நல்லது இல்லை. அச்சு தேய்ந்திருந்தால் துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பிசிர் தெரியும்.

3. உரிமம் பெற்ற வெளிநாட்டுப் பெட்டி. ரெவெலின் ரொபோடெக் போல. இதைப் போலி என்று தள்ளுவது பெரிய தவறு. சில நேரம் ஜப்பானியப் பெட்டியைவிட இது அரிது.

4. அச்சு கைமாறிய பதிப்பு. மக்ரொஸ் கிட்டுகள் பின்னாளில் பண்டாய்ப் பெட்டியில் வந்தது இந்த வகை. அச்சு இமாயுடையது, பெயர் பண்டாயுடையது.

5. நகல். அனுமதி இல்லாமல் செய்தது. இதற்குள்ளேயே இரண்டு பிரிவு. அசல் துண்டுகளை மாதிரியாக வைத்துப் புது அச்சு எடுத்தது ஒன்று. தோற்றத்தை மட்டும் பார்த்துத் தானே வடிவமைத்தது மற்றது.

நகலைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூட விஞ்ஞானம் போதும். பொலிஸ்டைரீன் ஆறும்போது ஏறக்குறைய 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். அசல் அச்சைக் கடையும்போதே அந்தச் சுருக்கத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். ஆனால் ஆறிச் சுருங்கிய துண்டை மாதிரியாக வைத்து, கணக்குப் பார்க்காமல் இன்னொரு அச்சு எடுத்தால், அதில் ஊற்றியது மறுபடி சுருங்கும். 100 மில்லிமீற்றர் நீளத் துண்டு அரை மில்லிமீற்றர் குறைந்து நிற்கும். வேணியர் இடுக்கிமானி ஒன்றும், அசல் என்று உறுதியான ஒரு துண்டும் இருந்தால் சந்தேகம் தீரும். அத்துடன் நகலில் கூரான விளிம்புகள் மழுங்கியிருக்கும், ரொபோவின் உடம்பில் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள் ஆழமில்லாமல் இருக்கும்.

நகல் என்றதும் எல்லோரும் தாய்வான், ஹொங்கொங், கொரியா என்று விரல் நீட்டுகிறார்கள். கொரியாவில் ஜப்பானியக் கலைப்பொருட்களுக்கு நீண்டகாலத் தடை இருந்தது, அது தளரத் தொடங்கியதே 1998இல். முறையாக வர வழியில்லாத இடத்தில் உள்ளூர் நகல்கள் பெருகியதில் வியப்பில்லை. ஆனால் நகல் ஜப்பானிலேயே செய்யப்பட்டது. இன்று பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சொஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்குப் பெயர்போன டோக்கியோ மாருய் கொம்பனி, எண்பதுகளின் தொடக்கத்தில் "கன்கல்" என்று கன்டாமைப் போலவே ஒரு கிட்டை விற்றது. கன்டாம் கடையில் கிடைக்காத நேரத்தில் பிள்ளைகள் ஏமாந்தோ விரும்பியோ அதை வாங்கினார்கள். அன்று ஏளனம் செய்த அந்தக் கிட்டை இன்று ஜப்பானியர்களே தேடிப் பிடித்துச் சேர்க்கிறார்கள்.

பெட்டியை வாசிப்பது எப்படி

ஜப்பானிய மொழி தெரியவேண்டும் என்று இல்லை. கைபேசிக் கமராவில் எழுத்தை மொழிபெயர்த்துக் காட்டும் வசதி இருக்கிறது. எதைத் தேடுவது என்று தெரிந்தால் போதும்.

1. உரிமை வரி. கன்டாம் பெட்டிகளின் ஓரத்தில், வட்டத்துக்குள் சி என்ற குறியை அடுத்து, இரண்டு நிறுவனங்களின் பெயர் இருக்கும். படத்தைத் தயாரித்த நிறுவனம் 1987 வரை "நிப்பொன் சன்ரைஸ்", அதன் பிறகு வெறும் "சன்ரைஸ்". விளம்பர நிறுவனம் 2007 வரை "சொட்சு ஏஜென்சி", பிறகு வெறும் "சொட்சு". ஆகவே நிப்பொன் இருந்தால் 1987ஐ ஒட்டியோ அதற்கு முன்போ அச்சிட்ட பெட்டி. நிப்பொன் இல்லை, ஏஜென்சி உண்டு என்றால் 1987க்கும் 2007க்கும் இடையில். இரண்டும் இல்லாவிட்டால் 2007க்குப் பின். நிப்பொன் என்பது இரண்டு எழுத்து: நடுவே கோடு போட்ட பெட்டி ஒன்று, அடியில் சிறு குறுக்குக்கோடு போட்ட மரம் போன்றது ஒன்று. என்னைக் கேட்டால் பெட்டியில் முதலில் பார்க்கவேண்டியது இந்த வரியைத்தான்.

2. கொம்பனிப் பெயர். பண்டாயின் மொடல் பிரிவு "பண்டாய் மொகேய்" என்ற தனி நிறுவனமாக இருந்தது. 1983இல் தாய்க் கொம்பனியுடன் சேர்ந்துவிட்டது. பெட்டியில் மொகேய் என்று வந்தால் நல்ல பழையது.

3. பார்கோட். நம் கடைகளில் உள்ளூர்ப் பிஸ்கட் பக்கற்றைத் திருப்பினால் எண் 479 என்று தொடங்கும், அது இலங்கை. ஜப்பான் 45 அல்லது 49, தாய்வான் 471, ஹொங்கொங் 489, கொரியா 880. இந்த எண் கொம்பனி எங்கே பதிவானது என்பதைத்தான் சொல்லும், பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது. பார்கோட்டே இல்லாத ஜப்பானியப் பெட்டி எண்பதுகளின் முற்பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம். நகல்களிலும் பார்கோட் இருக்காது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது.

4. ஐரோப்பியப் பாதுகாப்புக் குறியான சீ-ஈ. விளையாட்டுப் பொருட்களில் இது 1990இல் இருந்தே வருகிறது. இது அச்சிட்ட பெட்டி எண்பதுகளைச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

5. பிளாஸ்டிக்கின் நிறம். ஒரே சட்டத்தில் நான்கு நிறம் வார்க்கும் முறையுடன், பண்டாயின் ஹை கிரேட் என்ற கன்டாம் வரிசை 1990இல் வந்தது. அதற்கு முந்திய 1/144 கிட்டுகள் எளிமையானவை.

எந்த ஒரு அடையாளமும் தனியே நின்று சாட்சி சொல்லாது. இரண்டு மூன்று ஒத்துப்போனால் நம்பலாம்.

கிழக்கில் கிடைப்பவை எந்த வழியால் வந்தவை?

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தலைகாட்டும் பெட்டிகளை மூன்று வழிகளோடு பொருத்திப் பார்க்கலாம். முதலாவது வளைகுடா. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று வீடுகளுக்கு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதி, குவைத், கட்டார் சாமான்கள் வந்த வழி. அங்கே மலிவுக் கடைகளில் ஹொங்கொங், தாய்வான் பொருட்களே குவிந்திருந்தன. எனவே இந்த வழியால் வந்த கிட்டில் ஐந்தாம் வகைக்கு வாய்ப்பு கூட. இரண்டாவது, கனடா, சுவிஸ், பிரான்ஸ், லண்டன் உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தவை. இவற்றில் மூன்றாம் வகையை எதிர்பார்க்கலாம். மூன்றாவது, ஜப்பானில் இருந்து பழைய சைக்கிள், தளபாடங்களோடு கொள்கலனில் வந்து சேர்பவை. எண்ணிக்கை சொற்பம், ஆனால் முதல் வார்ப்பு கிடைத்தால் இந்த வழியில்தான் கிடைக்கும்.

பெட்டியோடு முழுமையாகப் பிழைத்தவை நம் பக்கத்தில் குறைவு. இடப்பெயர்வுகளில் வீட்டோடு போனவை ஒரு புறம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கல்லடி, நாவலடி, மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் மனிதர்களையே இழந்த குடும்பங்களுக்குப் பொம்மைப் பெட்டி பெரிதாகவா இருந்திருக்கும்? அதையும் தாண்டி ஒரு பெட்டி இருக்கிறது என்றால், ஐந்தாம் வகையாக இருந்தாலும் எறிந்துவிடவேண்டாம் என்றே சொல்வேன். ஜப்பானியப் பெட்டி எப்படி இருந்தது என்பதை ஜப்பானியர்கள் படம் பிடித்து எழுதி வைத்துவிட்டார்கள். வளைகுடாச் சந்தையில் என்ன விற்றது என்பதை அப்படி யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை. நகலை நகல் என்று சொல்லி விற்பதிலும் வாங்குவதிலும் ஒரு குறையும் இல்லை. அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

வெளிநாட்டில் இருந்து வாங்கினால்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1. சுங்கத்தின் பொருட்பட்டியலில் மொடல் கிட்டுகள் 9503 என்ற தலைப்பில், விளையாட்டுப் பொருட்களோடு வரும். "பழம்பொருள்" என்று சலுகை கேட்க முடியாது, அந்தத் தலைப்புக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது வேண்டும்.
2. வரி பொருளின் விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. விலை, காப்புறுதி, அனுப்பும் கூலி மூன்றும் கூட்டிய தொகைக்கு மேல் கணக்கு ஓடும். 2024 ஜனவரியில் இருந்து வற் வரியே 18 சதவீதம். 300 யென் கிட்டுக்கு அதைவிடப் பல மடங்கு தபால் கூலி கொடுத்தால் அந்தக் கூலிக்கும் சேர்த்தே வரி வரும். பலவற்றை ஒன்றாகச் சேர்த்து அனுப்பச் சொல்வது புத்தி.
3. பெயின்ட், கம் இரண்டும் தீப்பற்றும் திரவங்கள். விமானத் தபாலில் அனுப்பக்கூடாது. கிட்டை மட்டும் எடுத்து, இவற்றை இங்கேயே தேடுங்கள்.
4. பழைய ரூபாய் விலைகளை நம்பவேண்டாம். 2022இல் சில வாரங்களில் டொலர் 200 ரூபாயில் இருந்து 350க்கு மேல் போனது. அதற்கு முந்திய "மார்க்கெட் விலை" எதுவும் இன்று பேசாது.

கச்சான் காற்று, மாரி மழை, அழிறப்பர்

கிட் ஜப்பானில் நாற்பது ஆண்டுகள் பிழைத்தது என்பதற்காக மட்டக்களப்பில் நாலு ஆண்டு பிழைக்கும் என்று உறுதியில்லை. நம் பக்கத்தில் இரண்டு எதிர்க் காலங்கள். கச்சான் வீசும் மாதங்களில் ஓட்டுக்குக் கீழே பரண் கொதிக்கும். மாரியில் சுவரே வியர்க்கும்.

பொலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸில்தான் இளகும். அதனால் பரண் சூட்டில் உருகாது. ஆனால் மேலே பாரம் அடுக்கியிருந்தால் மெல்லிய துண்டுகள் மெல்ல மெல்ல வளையும். வெயில் நேரே பட்டால் வெள்ளைத் துண்டுகள் மஞ்சளாகும். ஈரத்தில் கெடுவது பிளாஸ்டிக்கைவிடக் கடதாசி. பெட்டி பூஞ்சணம் பிடிக்கும், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கல் தாள் பழுத்து வெடிக்கும், வெள்ளிப்பூச்சி அட்டையை அரிக்கும்.

பூச்சிக்கென்று அலுமாரியில் போடும் நப்தலின் உருண்டையைக் கிட்டுக்கு அருகில் வைக்கவே கூடாது. அந்த ஆவி பொலிஸ்டைரீனை இளக்கிப் பிசுபிசுக்கச் செய்யும். நல்ல எண்ணத்தில் உருண்டை போட்டு நல்ல கிட்டைக் கெடுப்பது இங்கே எளிதில் நடக்கக்கூடியது.

அடுத்தது மென்மையான வைனில். பள்ளிக்கூடத்துக் கொம்பாஸ் பெட்டிக்குள் அழிறப்பர் அடிமட்டத்தோடு ஒட்டி, அடிமட்டத்தில் குழி விழுந்ததைப் பார்க்காத பிள்ளை இல்லை. அழிறப்பரை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் வெளியே கசிந்து கடினமான பிளாஸ்டிக்கைக் கரைத்த கதைதான் அது. பழைய கிட்டுகளில் மென்மையான வைனில் குழாயோ சக்கரமோ இருந்தால் இதே வேலையைப் பெட்டிக்குள் செய்யும். அவற்றைத் தனிப் பொலித்தீன் பையில் போட்டுப் பிரித்து வையுங்கள்.

வைக்க நல்ல இடம் வீட்டின் உட்சுவர் ஓரத்து அலுமாரியின் நடுத்தட்டு. தரைக்கு அருகில் கறையானும் வெள்ளமும், மேலே சூடு. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பெட்டிக்குள் போடலாம். மாரி முடிந்ததும் மாற்றவேண்டும்.

பெட்டிக்குள் இன்னொன்றும் வைக்கலாம். யார் கொண்டுவந்தது, எந்த நாட்டில், எந்த நகரக் கடையில் வாங்கியது, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று வீட்டில் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மடித்து வையுங்கள். உரிமை வரியில் இருந்தும் பார்கோட்டில் இருந்தும் பெற முடியாத தகவல் அது. பென்சிலால் எழுதுங்கள். பேனை மை மாரி ஈரத்தில் ஊறிப் பெட்டியில் கறை பிடிக்கும்.